நஷ்டம் யாருடையது?

நெய்வேலிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஓர் ஏமாற்றம் உண்டாகும். நிலக்கரி வெட்டுகிற ஊர் என்றால் கரி படிந்த சுவர்களும் புகை மூடிய தெருக்களும் இருக்க வேண்டும் என்று என் மனத்தில் எப்போதோ படிந்துவிட்ட ஒரு சித்திரம். நகரியத்துக்குள் நுழைந்தாலோ இருபுறமும் மரங்கள்; அகலமான சாலைகள்; வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய வீடுகள்; வீட்டுக்கு வீடு ஒரு மாமரம், ஒரு முருங்கை. பூமியை நூற்றைம்பது அடிக்கு மேல் தோண்டிக்கொண்டிருக்கிற ஊர் என்று ஒருவர் சொன்னால்தான் தெரியும்.

அங்கே எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். சிநேகிதர் என்பதைவிட மூத்தவர் என்று சொல்வதே சரி. நான் பிறந்த ஊர்க்காரர். சுரங்கத்தில், சுழலும் வாளிச் சக்கரத்தால் மண்ணை வாரி வாரிக் கொட்டுகிற அந்த ராட்சத யந்திரத்தின் மேலே உட்கார்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஊரை விட்டுப் போக மனமில்லாமல், நகரியத்துக்கு வெளியே இந்திரா நகரில் இரண்டு அறை போட்டு வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். 'தம்பி, ஒரு வார்த்தை பேசணும், நேர்லே வா' என்று அவர் போன் செய்தார். போனில் சொல்ல முடியாத விஷயம் என்றால், ஒன்று கல்யாணமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணமாக இருக்க வேண்டும். நான் போனேன். விஷயம் பணம்தான்.

அவருடைய மகன் மோட்டார் என்ஜினீயரிங் படித்தவன். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறான். அவனும் அவனைப்போல இரண்டு பையன்களும் சேர்ந்து ஒரு கார் செய்யப் போகிறார்களாம். சாதாரணக் கார் இல்லை. தரையோடு தரையாகப் படுத்திருக்கிற, இரண்டே பேர் உட்காரக்கூடிய, பறந்து போகிற ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு அப்பாவுடைய ஓய்வுத் தொகையிலிருந்து இருபது லட்சம் வேண்டும்.

"தம்பி, நீ நாலு விஷயம் படிச்சவன். உன் வார்த்தையைக் கேப்பான். இந்த மாதிரிக் காரைச் செஞ்சு யாராவது பிழைச்சிருக்காங்களா? அதை மட்டும் சொல்லு" என்றார் அவர்.

நான் நாலு விஷயம் படித்தவன்தான். ஆனால் அந்த நாலில் கார் கிடையாது. கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன் நான். கணக்கு என்றால் இன்றைக்கும் எனக்குப் பயம். இருந்தாலும் 'தெரியாது' என்று சொன்னால் எழுத்தாளனின் மரியாதை என்னாவது? "பையன் என்ன சொல்கிறான், கேட்போம்" என்றேன்.

பையன் நன்றாகவே சொன்னான். செல்போனைப் பார்க்காமலே கணக்குச் சொன்னான்.

"சித்தப்பா, இத்தாலியில் ஃபெராரி கம்பெனி 2024-ஆம் வருஷத்தில் மொத்தம் வித்தது 13,752 கார். நம்ம ஊர்க் கம்பெனிகள் சில நாள்லே வித்துடற எண்ணிக்கை. ஆனா நிகர லாபம் 152 கோடி யூரோவுக்கு மேலே. ஒரு காருக்குன்னு வகுத்தா ஒரு லட்சத்துப் பதினோராயிரம் யூரோ. நம்ம பணத்துலே கிட்டத்தட்ட ஒரு கோடி. ஒரு கார் வித்தா ஒரு கோடி லாபம். உலகத்துலே வேற எந்தக் கார்க் கம்பெனிக்கு இது முடியும்?"

எனக்கு மலைப்பாக இருந்தது. அந்த லாபத்தில் பந்தயத்துக்கு வருகிற விளம்பரப் பணமும், குதிரைச் சின்னத்தைச் சட்டையிலும் தொப்பியிலும் போட்டு விற்கிற பணமும் சேர்ந்திருக்கின்றன என்பதையும் அவனே சொன்னான். நேர்மையான பையன். அப்படியிருந்தாலும் அந்தக் கணக்கு லேசானதில்லை.

அப்பா பதில் சொல்லவில்லை. வேறொரு கதை சொன்னார். அவர் வாலிபராக இருந்தபோது, 1985-இல், சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி ஒரு பெரிய காரை வெளியிட்டது. அதே கம்பெனிதான் 1961 முதல் ஹெரால்டு கார்களைச் செய்து, நடுத்தரக் குடும்பங்களின் கனவாக இருந்தது. புதுக் காருக்கு ஸ்டாண்டர்டு 2000 என்று பெயர். இங்கிலாந்தில் ரோவர் என்று ஓடிய சொகுசுக் காரின் உடம்பு. 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய உடம்பு அது. அங்கே அதற்குள் மூன்றரை லிட்டர் என்ஜின் இருந்தது. இங்கேயோ, பழைய வான்கார்டு காரின் இரண்டு லிட்டர் என்ஜினைத் திருத்தி உள்ளே வைத்தார்கள். பட்டுப் புடவைக்குள்ளே கிழிந்த பாவாடை. பெட்ரோலை மடக்கு மடக்கென்று குடித்தது. அதே சமயத்தில், 1983 டிசம்பரில் பிறந்த மாருதி, சின்னஞ் சிறு பூச்சி மாதிரி, விலையும் கொஞ்சம் பெட்ரோலும் கொஞ்சம் என்று ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றே வருஷம், 1988-இல் ஸ்டாண்டர்டு 2000 நின்றது. ஹெரால்டு செய்த கம்பெனியே படுத்துவிட்டது.

"கார் அழகுதான், தம்பி. இன்னிக்கும் கண்ணுலே நிக்குது. ஆனா அழகு சோறு போடலையே" என்றார் அவர்.

அண்ணி காபி கொண்டுவந்து வைத்தாள். எல்லாவற்றையும் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "ஏண்டா, அந்தக் கார்லே ரெண்டு பேர்தானே உட்காரலாம்? நான் எங்கே உட்கார்றது?" என்று மகனைக் கேட்டுவிட்டுப் போனாள். இந்த விவாதத்தில் சொல்லப்பட்ட வார்த்தைகளிலே மிகவும் ஆழமானது அதுதான் என்று பிறகு எனக்குத் தோன்றியது.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஒருவர் ஜயித்தவனைக் காட்டுகிறார். மற்றவர் தோற்றவனைக் காட்டுகிறார். இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது என் பொறுப்பாகிவிட்டது. அன்றிரவு அந்த வீட்டு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு பையனிடமிருந்து விஷயங்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தூரத்தில் அனல் மின் நிலையத்தின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

ஒரு காரைச் செய்வதற்கு முன்னால் ஆகிற செலவு இருக்கிறதே, அதுதான் இந்தத் தொழிலின் பூதம். அச்சுகள் செய்ய வேண்டும். என்ஜினைப் பரீட்சிக்க வேண்டும். காரைச் சுவரில் மோதி உடைத்துப் பார்க்க வேண்டும். புகையை அளந்து சர்க்காரிடம் சான்று வாங்க வேண்டும். நூறு கார் விற்றாலும் இந்தச் செலவு உண்டு; லட்சம் கார் விற்றாலும் உண்டு. கல்யாண வீட்டில் பந்தல் போடுகிற மாதிரி. ஆயிரம் பேர் சாப்பிட்டால் பந்தல் செலவு தலைக்குக் கொஞ்சம்தான். பத்தே பேர் வந்தால் ஒவ்வொருவர் தலையிலும் பந்தலே விழும்.

அதனால்தான் இந்தத் தொழிலின் சரித்திரம் முழுவதும் திவால் நோட்டீசுகளாக இருக்கிறது. இங்கிலாந்தின் ஆஸ்டன் மார்ட்டின் 1913-இல் பிறந்தது. சினிமாவில் துப்பறியும் வீரன் ஓட்டுகிற கார், உலகப் புகழ். அது ஏழு தடவை திவாலாகியிருக்கிறது. 2018-இல் லண்டன் சந்தையில் பங்குகளை விற்று, இனி எல்லாம் சுபம் என்றது. அதன் பிறகும் வருஷா வருஷம் நஷ்டம்தான். இத்தாலியின் லம்போர்கினி, டிராக்டர் செய்து பணம் சேர்த்த ஒருவர் 1963-இல் ஆரம்பித்தது. டிராக்டர் சம்பாதித்தது; கார் சாப்பிட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் அவர் விற்றுவிட்டு ஒதுங்கினார்; 1978-இல் கம்பெனி திவால். பிறகு கை மாறி, கண்டம் மாறி, 1998-இல் ஜெர்மனியின் ஆடி கம்பெனியிடம் வந்து சேர்ந்த பிறகுதான் அதற்கு நிம்மதி.

நம் நாட்டிலும் ஆசைப்பட்டவர்கள் உண்டு. 1990-களின் கடைசியில் சான் ஸ்டார்ம் என்று இருவர் உட்காரும் குட்டிக் கார் ஒன்று வந்தது. 2012-இல் டில்லிக் கண்காட்சியில் அவந்தி என்று ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பம்பாய் வடிவமைப்பாளர் ஒருவரின் கம்பெனி காட்டியது; கூட்டம் அலைமோதியது. இரண்டுமே நிலைக்கவில்லை. பார்க்கக் கூடுகிறவர்கள் எல்லாரும் வாங்க வருகிறவர்கள் ஆகிவிடுவதில்லை. தேர் பார்க்க வந்த கூட்டத்தை நம்பித் தேர் வியாபாரம் தொடங்க முடியுமா?

அப்படியானால் பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? யோசித்துப் பார்த்தால் மூன்று வழிகள் தெரிகின்றன.

முதல் வழி, பணக்கார மாமனார். பெரிய கம்பெனி ஒன்றின் மடியில் போய் உட்கார்ந்துகொள்வது. லம்போர்கினிக்குக் கிடைத்த கதி அது. பையன் கொண்டாடுகிற ஃபெராரியே இதற்கு விலக்கு இல்லை. 1947-இல் முதல் கார் செய்த அந்தக் கம்பெனி, 1969-இல் தன்னில் பாதியை ஃபியட் கம்பெனிக்கு விற்றுத்தான் மூச்சு விட்டது. ஏழைகளும் குமாஸ்தாக்களும் ஓட்டிய சின்ன ஃபியட் கார்களின் சம்பாத்தியம், அந்தச் சிவப்புக் குதிரைக்குப் புல்லுப் போட்டது.

இரண்டாவது வழி, பெயர் ஒன்று, வசூல் ஒன்று. ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி 1990-களின் தொடக்கத்தில் மூழ்கிப்போகிற நிலையில் இருந்தது. 2002-இல் அது செய்தது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. குடும்பத்தோடு போகிற, உயரமான, கனமான கேயென் வண்டி. ரசிகர்கள் திட்டினார்கள், கல்லா நிறைந்தது. லம்போர்கினிக்கும் அப்படித்தான் உருஸ் வந்தது. நம் டாடா கம்பெனி 2008-இல் 230 கோடி டாலர் கொடுத்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து வாங்கியது. முதலில் நஷ்டம். பிறகு எழுந்து நின்றது. நிற்க வைத்தது யார்? பாய்கிற ஜாகுவார் இல்லை. சேற்றிலும் மேட்டிலும் ஏறுகிற லேண்ட் ரோவர் வண்டிகள். எஃப்-டைப் என்ற அந்த அழகான ஜாகுவார் ஸ்போர்ட்ஸ் காரை 2024-இல் நிறுத்தியேவிட்டார்கள். மார்கழி மாதத்துச் சபாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரொட்டியில் பாடகர் பெயர், கூட்டமோ கான்டீனில். அடை அவியலின் தயவில் கல்யாணி ராகம் பிழைக்கிறது. அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் பாட்டு தன் காலில் நிற்கிறது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

மூன்றாவது வழிதான் ஃபெராரியின் சொந்த வழி. வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்காமல் இருப்பது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறான் ஒருவன்; 'காத்திரு' என்கிறது கம்பெனி. சில விசேஷக் கார்களை, ஏற்கெனவே தன் கார்களை வாங்கி நன்னடத்தை காட்டியவர்களுக்குத்தான் விற்கிறது. இன்னும் ஆயிரக்கணக்கில் செய்யத் தெரியாமலா இருக்கிறார்கள்? செய்தால் அதன் மதிப்புப் போய்விடும். அவர்கள் விற்கிற சரக்கில் பாதி இரும்பு. மற்றப் பாதி, 'இது உன்னிடம் இருக்கிறது, அவனிடம் இல்லை' என்ற திருப்தி.

இங்கேதான், கணக்குப் புஸ்தகத்தை மூடிவிட்டு மனசாட்சியைத் திறக்க வேண்டியிருக்கிறது.

மறு நாள் காலை அப்பாவும் மகனும் நானும் சுரங்கத்தைப் பார்க்கிற இடத்துக்குப் போனோம். கீழே படிப்படியாக இறங்குகிற மண். அதன் அடியில் கறுப்பும் பழுப்புமாக ஒரு கோடு. அந்தக் கோடுதான் நெய்வேலி. அதைப் பார்த்ததும் எனக்கு ஜம்புலிங்க முதலியாரின் ஞாபகம் வந்தது. 1930-களில் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டிய மனிதர். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. வேறொருவராக இருந்தால் சபித்துவிட்டு வேறு இடத்தில் தோண்டியிருப்பார். இவர் அதை எடுத்து, 'இது என்ன?' என்று கேட்டுக்கொண்டு சர்க்காரின் கதவைத் தட்டினார். பிற்பாடு தம் நிலத்தில் 600 ஏக்கருக்கு மேல் கொடுத்தார்.

கரி இருப்பது தெரிந்த பிறகும் 'லாபம் வருமா?' என்ற கேள்வி இருந்தது. மேலே அவ்வளவு மண்; கீழே அழுத்தத்தோடு பொங்குகிற ஊற்று. இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் மூழ்காது. எந்தச் செட்டியாராவது தம் கைப்பணத்தைப் போட்டிருப்பாரா? காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். 1956-இல் கம்பெனி பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு வந்து வெட்டும் வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில்தான் கரி கண்ணில் பட்டது. நாலு வருஷத்துக்கு மேல் வெறும் மண்! ரஷ்யாவின் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையம் 1962-இல் விளக்கேற்றியது.

"பார்த்தீங்களா சித்தப்பா? அன்னிக்கு எங்கப்பாவை மாதிரி நாலு பேர், 'லாபம் வருமா, உத்தரவாதம் உண்டா'ன்னு கேட்டிருந்தா, அப்பாவுக்கு இந்த வேலையே இருந்திருக்காது" என்றான் பையன்.

கெட்டிக்காரன். என் வாயிலிருந்து வர இருந்ததை அவன் தன் பக்கத்துச் சாட்சியாக இழுத்துக்கொண்டான்.

"இது ஊருக்கு வெளிச்சம் குடுத்ததுடா. உன் கார் யாருக்கு என்ன குடுக்கும்?" என்றார் அப்பா.

அவர் சொன்னது சரிதான். நெய்வேலியின் மின்சாரத்துக்கு விலை வைப்பதற்கு ஓர் ஆணையம் இருக்கிறது. இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 'உனக்குக் கிடைக்கும், அவனுக்குக் கிடையாது' என்று சொல்லி மின்சாரத்தின் மதிப்பைக் கூட்ட முடியாது. யாருடைய கண்ணுக்கும் படாமல், யாருடைய புகழையும் எதிர்பார்க்காமல் அது குடிசைக்கும் போகிறது. பெயரற்ற சரக்கை எல்லோருக்கும் விற்று வருகிற லாபம் ஒன்று; பெயரை மட்டும் சிலருக்கு விற்று வருகிற லாபம் ஒன்று. இரண்டும் கணக்குப் புஸ்தகத்தில் ஒரே பத்தியில்தான் எழுதப்படுகின்றன. இரண்டும் ஒன்றா?

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பத்திரிகை வாசகர்களுக்கும் திருப்தியாக இருந்திருக்கும். ஆடம்பரத்தைக் கண்டித்து, பொதுநலத்தைப் போற்றி, வணக்கம் சொல்லிவிடலாம். ஆனால் உண்மை அவ்வளவு சுலபமாக வளைகிறதா?

2023-ஆம் வருஷம் ஜூலை மாதம் இதே நெய்வேலிக்குப் பக்கத்தில் வளையமாதேவியில், வாய்க்கால் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண் வெட்டும் யந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. அந்த நிலம் பல வருஷங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டுப் பணமும் கொடுக்கப்பட்டது என்றது கம்பெனி. இருக்கலாம். சட்டம் அந்தப் பக்கம் இருக்கலாம். ஆனால் கதிர் வாங்கப் போகிற பயிருக்குச் சட்டம் தெரியுமா? எல்லோருக்கும் வெளிச்சம் கொடுக்கிற விளக்கின் அடியிலும் நிழல் இருக்கிறது. ஊர் பெயர்ந்து போனவர்களின் நஷ்டத்துக்கு எந்த ஐந்தொகையிலும் முழு இடம் கிடையாது. பத்துப் பேருக்காகக் கார் செய்கிறவன் யார் வயலிலும் இறங்குவதில்லை. ஆகவே பொதுக் காரியம் என்ற ஒரே காரணத்தால் ஒன்று சுத்தமாகிவிடாது. ஆடம்பரம் என்ற ஒரே காரணத்தால் ஒன்று பாவமாகியும் விடாது.

நான் இப்படிச் சொன்னதும் பையனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"சித்தப்பா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க நாவல் ஒரு பதிப்பு எத்தனை போடறாங்க?"

"ஆயிரம்."

"விக்க எத்தனை வருஷம் ஆகும்?"

"இரண்டு, மூன்று..."

"எட்டுக் கோடி ஜனம் இருக்கிற நாட்டுலே ஆயிரம் பேருக்குச் செய்யறீங்க. அது ஆடம்பரம் இல்லையா? அதுலே லாபம் வருதா?"

அண்ணன் "டேய்" என்று அதட்டினார். நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அடி சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது.

யோசித்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசம் இருக்கிறது. என் நாவலை ஒருவன் படித்ததால் இன்னொருவனுக்கு அது குறைந்துவிடுவதில்லை. நூலகத்தில் ஒரே பிரதியை நூறு பேர் படிக்கலாம். நூறாவது ஆள் படிக்கும்போது முதல் ஆளின் இன்பம் மங்கிவிடாது. மற்றவனுக்கு இல்லை என்பதால் மட்டுமே இனிக்கிற பொருள் அல்ல அது. கலைக்கும் ஆடம்பரத்துக்கும் நடுவே நான் காணுகிற வேலி இவ்வளவுதான். வேகமும் வடிவமும் கலைதான், சந்தேகமில்லை. ஒரு நல்ல கார் ஓடுவதைத் தெருவில் நிற்கிற பிச்சைக்காரனும் ரசிக்கிறான். மூடிய கதவை விற்கத் தொடங்கும்போதுதான் அது வேறாகிறது.

கோயம்புத்தூரிலேயே கரிவர்தன் என்று ஒருவர் இருந்தார். மில் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்கிப் பவனி வந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. மாருதிக் காரின் என்ஜினை எடுத்து, கொஞ்சம் செலவில் பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்துச் செய்தார். பணக்காரனின் விளையாட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி, பல பையன்களின் கைக்கு எட்டும்படி வைத்தார். 1995-இல் அவர் காலமானார். அவர் பெயரில்தான் இன்று கோயம்புத்தூரில் பந்தயப் பாதை இருக்கிறது. 2005-இல் உலகப் பந்தயமான ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் அந்த ஊர்க்காரர்தான். கரிவர்தன் எவ்வளவு லாபம் சம்பாதித்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் ஆரம்பித்து வைத்தது நின்றுபோகவில்லை என்பதுதான் அவருடைய வரவு.

"நீ கதவை மூடுகிற கார் செய்யப் போகிறாயா, திறக்கிற கார் செய்யப் போகிறாயா?" என்று பையனைக் கேட்டேன். அவன் யோசித்தான். "முதல்லே கார் ஓடட்டும், சித்தப்பா" என்றான். அதுவும் நியாயம்தான்.

ஆனாலும் இந்த வாதங்களுக்கெல்லாம் அடியில், நெய்வேலிக் கரி மாதிரி, ஒரு கேள்வி படுத்திருந்தது. அதை யாரும் தொடவில்லை. 'லாபம் வருமா?' என்று அப்பா கேட்டார். 'வரும்' என்றான் மகன். வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். வராவிட்டால் அந்த நஷ்டம் யாருடையது?

1981-இல் வட அயர்லாந்தில், பெல்பாஸ்ட் நகருக்குப் பக்கத்தில், டெலோரியன் என்ற அமெரிக்கர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்த் தொழிற்சாலையை நடத்தினார். இறக்கை மாதிரி மேலே திறக்கிற கதவுகள்; துருப்பிடிக்காத எஃகு உடம்பு. பிரிட்டிஷ் சர்க்கார் 7 கோடி பவுனுக்கு மேல் போட்டது. சுமார் 9,000 கார்கள் செய்தார்கள். 1982-இல் எல்லாம் முடிந்தது. கனவு அவருடையது, பணம் ஜனங்களுடையது, வேலை போனவர்கள், அந்த ஏழை ஊரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். கார் அழகாக இல்லை என்று யார் சொன்னார்கள்? இன்னொருவருடைய தட்டிலிருந்து எடுத்த அழகு அது.

இதை நான் யோக்கியனைப்போலச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இதுவரை நான் எழுதாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். என் முதல் நாவலை யாரும் வெளியிட முன்வரவில்லை. இருபத்திரண்டு வயது, உலகம் எனக்காகக் காத்திருக்கிறது என்ற எண்ணம். அம்மாவுடைய இரண்டரைப் பவுன் சங்கிலியை அடகு வைத்து நானே அச்சுப் போட்டேன். "மூணு மாசத்திலே மீட்டுடலாம், அம்மா" என்றேன். முந்நூறு பிரதி விற்றது. மீதியைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்தோம். வட்டி கட்ட முடியவில்லை. சங்கிலி ஏலத்துக்குப் போயிற்று. பின்னால் எனக்குப் பெயர் வந்தது. அந்த நாவலே மூன்று பதிப்புக் கண்டது. அம்மாவுக்கு வேறு சங்கிலி வாங்கிப் போட நினைத்த வருஷம் அவள் இல்லை. 'நஷ்டம் வந்தால் உனக்குச் சம்மதமா?' என்று அவளை நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவள் சம்மதித்திருப்பாள். அது வேறு விஷயம். கேட்கவில்லை என்பதுதான் என் கணக்கில் நிற்கிற கடன்.

இதை அப்பாவிடமும் மகனிடமும் சொன்னேன். இருவரும் பேசவில்லை.

பிறகு என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் செய்து லாபம் சம்பாதிக்க முடியுமா? முடியும். ஆனால் ஃபெராரியின் இன்றைய லாபம் எழுபது வருஷத்து மரத்தின் பழம். அதைப் பார்த்து விதைக்கு விலை பேசக்கூடாது. தாங்குகிற பெரிய கையோ, சம்பாதிக்கிற வேறு வண்டியோ, தலைமுறை தலைமுறையாக வந்த பெயரோ இல்லாதவனுக்கு, தொண்ணூறு பங்கு நஷ்டம்தான். நஷ்டப்படுவது பாவமா என்றால், இல்லை. தன் உழைப்பை, தன் வாலிபத்தை, தன் கைக்காசை ஓர் அழகுக்காக இழக்கிறவனை நான் கைகூப்பி வணங்குவேன்; அப்படிப்பட்டவர்கள் இல்லாவிட்டால் உலகம் வெறும் மளிகைக் கடையாகிவிடும். ஆனால் அந்த இழப்பு அவனுடையதாக இருக்க வேண்டும். முப்பது வருஷம் புழுதியிலும் வெயிலிலும் யந்திரத்தின் மேல் உட்கார்ந்து சேர்த்த பணம், உட்கார இடமே இல்லாத ஒரு காரில் அண்ணியின் முதுமையை ஏற்றிவிடக் கூடாது.

அப்பாவிடமும் ஒன்று சொன்னேன்: "அண்ணே, உத்தரவாதம் கேட்காதீங்க. உத்தரவாதம் கேட்டிருந்தா இந்தச் சுரங்கம் இல்லை. எவ்வளவு போனாலும் ராத்திரி தூக்கம் வரும்னு உங்களுக்கும் அண்ணிக்கும் தோணுதோ, அந்த அளவு மட்டும் குடுங்க. குடுத்தா, திரும்பி வராதுன்னு நினைச்சே குடுங்க."

அவர் வெகு நேரம் சுரங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அவர் ஓட்டிய யந்திரத்தைப் போன்ற ஒன்று எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"உங்கம்மாவைக் கேளுடா. அவ எவ்வளவு சொல்றாளோ, அவ்வளவு" என்றார் மகனிடம்.

ஆர்ச் கேட்டில் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்த பையன், பஸ் நகரும்போது ஜன்னலோரம் ஓடிவந்து, "இந்த தீபாவளிக்கு அம்மாகிட்டே பேசறேன், சித்தப்பா. அதுவரைக்கும் என் சம்பளத்துலே ஆரம்பிக்கறேன்" என்றான்.

அண்ணி எவ்வளவு சொன்னாள் என்று எனக்கு இன்னும் தகவல் வரவில்லை. ஆனால் அவளைக் கேட்கப் போகிறார்கள். இருபத்திரண்டு வயதில் எனக்குத் தோன்றாமல் போனது, அந்தப் பையனுக்குத் தோன்றிவிட்டது.